சொந்த அம்பயர்

ஆமோஸ் டான்ஸ்லியின் வலது முழங்கை நிமிராது. காலுறை பின்னுகிற ஊரான ஸ்கெல்பியில் இது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் சிறு பையனாக இருந்தபோது, காலுறை பின்னும் இரும்புத் தறியை மாடியிலிருந்து இறக்கையில் கயிறு நழுவி, தறியின் ஒரு மூலை அவன் கைமேல் உட்கார்ந்துவிட்டது. எலும்பு கட்டுகிறவன் பக்கத்து ஓக்கர்டனிலிருந்து மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து கட்டினான். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கை அரிவாள் மாதிரி மடங்கியபடியே நின்றுவிட்டது. அவன் அப்பா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தறி தள்ள இது போதும் என்று சொல்லி, புண் ஆறுவதற்குள் அவனைத் தறிமுன் உட்காரவைத்தார். அப்பாக்கள் அப்படி, காலமும் அப்படி. யாரைப் போய்க் கேட்பது?

அந்தக் கோணல் கைதான் அவனுக்குப் பேரும் வாங்கிக் கொடுத்தது. ஸ்கெல்பிக்காரர்கள் சனிக்கிழமை வரைக்கும் தறியோடு மல்லுக்கட்டி, பின்னிய காலுறைகளை முதலாளி கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால், ஞாயிறு ஜெபம், திங்கள் கிரிக்கெட். திங்களை அவர்கள் ஒரு புனிதராகவே வைத்திருந்தார்கள். அந்தப் புனிதருக்கு விழா எடுக்காமல் தறியில் உட்காருகிறவனை ஊரில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ஊர்ப் புல்வெளியில் ஆமோஸ் கையைத் தோளுக்குமேல் சுழற்றிப் பந்தை விடுவான். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டை பிடித்தவனுக்குக் கடைசிவரை பிடிபடாது. தரையில் விழுந்து, நின்று யோசித்துவிட்டு உள்ளே வருகிற பந்து. ஓக்கர்டன்காரர்கள் அவனைப் பேய்க்கை என்பார்கள். திட்டுகிற மாதிரி இருக்கும், உள்ளுக்குள் பயம்.

ஒரு கோடையில் கவுண்டி அணிக்கே அவனைக் கூப்பிட்டார்கள். கெசியா அவனைக் கட்டிக்கொண்டு வந்த புதிது அது. அங்கே துரைமார் ஆட்டக்காரர்களுக்குக் கூடாரத்தில் ஆட்டுத்தொடையும் ஒயினும். கூலிக்கு ஆடுகிறவர்களுக்கு வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயம். மைதானத்துக்குள் போகிற வாசல்கூட இரண்டு பேருக்கும் வேறுவேறு. இதையெல்லாம் ஆமோஸ் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னான். லண்டன் பக்கத்து ஆள் ஒருவன், இந்த ஆள் பந்தை வீசுகிறானா, எறிகிறானா என்று எல்லோர் காதுபடவும் கேட்டானாம்.

கிரிக்கெட்டில் அதைவிடக் கெட்ட கேள்வி கிடையாது. கல்லெறிகிற மாதிரி முழங்கையை உதறிப் பந்தை எறியக்கூடாது என்பது சட்டம். எறிகிறான் என்று அம்பயர் ஒருவர் ஒரே ஒருதரம் கத்திவிட்டால் பந்து போடுகிறவன் பிழைப்பில் மண். ஆமோஸ் விஷயத்தில் எந்த அம்பயரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் கேட்டது கேட்டதுதானே? அவன் ஆடிய கவுண்டி ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அடுத்த கோடையில் கூப்பிடுகிறவர்களுக்கு ஸ்கெல்பிக்கு வழி மறந்துபோனது.

பிறகு வருஷங்கள் தறியிலேயே போயின. கெசியா பெற்றதில் சர்ச் மண்ணுக்குப் போனதுபோக திர்ஸா ஒருத்தி தங்கினாள். மாடியில் அப்பா மிதிக்கிற தறி தடதடக்க, கீழே திர்ஸா ஜன்னலோரம் உட்கார்ந்து காலுறைகளை மூட்டுவாள். கறுப்புக் காலுறைக்குக் கறுப்பு நூல், வெளிச்சம் போனால் மெழுகுவத்தி. ஒரு குளிர்காலத்தில் அவள் கண் சிவந்து நீர் வடிய ஆரம்பித்தது. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கெசியா வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றிப் பிரிப்பாள். கெசியாவின் சித்திக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசிக் காலத்தில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததைக் கெசியா பார்த்திருக்கிறாள். பெண்ணை ஊசியிலிருந்து எடுத்துவிடவேண்டும். எடுத்தால் ஒரு ஆள் சம்பாத்தியம் போகும், அடுப்பு எரியாது. 

வசந்தம் பிறந்ததும் ஒரு வழி திறந்தது. ரெட்கேட் பிரபுவின் எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்கிற லெவர்டன் துரைக்குப் பழைய கவுண்டி ஆட்டம் ஒன்று ஞாபகம் வந்ததாம். பிரபுவின் பிள்ளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் பந்து போட ஓர் ஆள் தேவை, மைதானத்துப் புல்லையும் அவனே பார்த்துக்கொள்ளவேண்டும், வாசல் கேட்டை ஒட்டிய வீடு அவனுக்கு. பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மறுநாளான திங்களன்று ஸ்கெல்பிக்கும் ஓக்கர்டனுக்கும் வழக்கமாக நடக்கிற ஆட்டத்தைத் துரை வந்து பார்ப்பார். கை இன்னும் பழைய கைதான் என்று தெரிந்துவிட்டால் வேலை ஆமோஸுக்கு.

கெசியா பால் வாங்குகிற சாக்கில் ரெட்கேட்வரை நடந்துபோய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தாள். ரொட்டி சுடுகிற அடுப்பு, முற்றத்திலேயே தண்ணீர்ப் பம்பு, பின்னால் சீமை நெல்லிக்காய்ப் புதர்கள். எந்த மூலையில் திர்ஸா கையில் ஒன்றுமில்லாமல் சும்மா உட்காருவாள் என்றுகூட அவள் முடிவு பண்ணிவிட்டாள். அத்தனை ஆசை.

இனி அம்பயர் விவகாரம். அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஆடும்போது ஒவ்வொரு ஊரும் தன் அம்பயரைக் கூட்டிக்கொண்டு வரும். ஆட்டக்காரர்கள் பதினொரு பேர் என்று பேர், உண்மையில் பன்னிரண்டு. தன் ஊர்க்காரன் அவுட் என்றால் அம்பயருக்குக் கண் தெரியாது. எதிராளி என்றால் கழுகுக் கண். இதில் யாருக்கும் வெட்கமில்லை, இரண்டு பக்கமும் செய்கிறதுதான். ஆமோஸை எப்போதும் ஸ்கெல்பி அம்பயர் நிற்கிற பக்கத்திலிருந்தே பந்து போட விடுவார்கள். எறிந்தால் செல்லாப் பந்து, அதாவது நோபால், என்று கத்தவேண்டியவர் அந்தப் பக்கத்து அம்பயர்தான். அப்படித்தான் இத்தனை வருஷம் அந்தக் கைக்கு ஆபத்து வராமல் ஓடியது. அந்த வசந்தத்தில் பார்த்துப் பழைய அம்பயர் நெஞ்சுச்சளியில் படுத்துவிட்டார். பதிலுக்குச் சாராயக்கடைக்காரனை நிறுத்தலாம் என்றான் அணித் தலைவன், கொல்லன் ரூபன். கெசியாவுக்கு அது பிடிக்கவில்லை. ஓக்கர்டன்காரன் இரண்டு கோப்பை ஊற்றினால் அவன் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான் என்று நினைத்தாள். சொந்த ரத்தம்தான் நம் பக்கம் நிற்கும் என்று சொல்லி, தன் தம்பி ஜேபஸிடம் போனாள்.

ஜேபஸும் தறிக்காரன்தான். பெண்டாட்டி செத்தபிறகு குடித்தே நாசமாய்ப் போய்க்கொண்டிருந்தவன். கெசியா ஜெபக்கூடத்தில் அவனுக்காக முழங்கால் தேய அழுதிருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு அவன் மனந்திரும்பினான். குடி போயிற்று, சூதாட்டம் போயிற்று, கிரிக்கெட்டும் வீண் என்று அதுவும் போயிற்று. அக்கா கேட்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் அந்தப் பக்கமே போறதில்ல அக்கா. என்னைய விட்டுரு.”

“விளையாடவா கூப்பிடுறேன்? சும்மா நில்லுங்கிறேன். உன் மச்சானுக்காக நில்லு. திர்ஸா கண்ணைப் பாத்தியா நீ?”

“நின்னா நான் பார்த்ததைத்தான் சொல்லுவேன். பொய் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“பார்த்ததையே சொல்லுடா. உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா?” என்று கெசியா சிரித்தாள்.

அவள் மனசில் ஒரு கணக்கு இருந்தது. அம்பயர் நிற்பது பந்து போடுகிறவனுக்குப் பின்னால். தோளும் முதுகும் மறைத்துக்கொள்ளும், முழங்கை எங்கே தெரியப்போகிறது? பார்க்க முடியாததைப் பற்றித் தம்பி என்ன சொல்லிவிடப் போகிறான்? கடைசியில் அவன் சரி என்றான். கெசியா சந்தோஷமாக வீடு திரும்பினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

திங்கட்கிழமை விடிகாலை மழை தூறி, பத்து மணிக்கெல்லாம் வெயில் அடித்தது. ஈரப் புல், மேலே வெயில். ஆமோஸ் கைக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. பெண்கள் வேலியோரம் துணி விரித்து உட்கார்ந்து பன்றிக்கொழுப்புத் தடவிய ரொட்டியைப் பங்கு வைத்தார்கள். லெவர்டன் துரை குதிரையை மரத்தில் கட்டிவிட்டு, ரூபனின் பெண்டாட்டி கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். திர்ஸாவுக்கு வெயில் கூசாமலிருக்கக் கெசியா அவள் தொப்பியின் முன்விளிம்பை இழுத்துவிட்டாள். ஜேபஸ் ஜெபக்கூடத்துக் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றான். அதைப் பார்த்து ஓக்கர்டன்காரர்கள், யாருக்குடா அடக்க ஆராதனை என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ஸ்கெல்பி முதலில் மட்டை பிடித்து ஏதோ கொஞ்சம் ஓட்டம் எடுத்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஓக்கர்டன் இறங்கியது. ஆமோஸ் வழக்கம்போல ஜேபஸ் நிற்கிற குளத்துப் பக்கத்திலிருந்து பந்து போட்டான். முதல் ஓவரில் இரண்டு பந்து மட்டையை ஏமாற்றிப் போனது. துரை முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கெசியா அதைப் பார்த்தாள். அவள் ஆட்டத்தைப் பார்த்ததைவிடத் துரையின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அடுத்த ஓவரில் ஆமோஸ் மெதுவாக ஓடிவந்து ஒரு பந்தை விட்டான். அது விழுந்து திரும்பி நடு ஸ்டம்பைச் சாய்த்துவிட்டது. ஊரே ஹோவென்று எழுந்தது. ஓக்கர்டன் ஆள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

“நோபால்,” என்றான் ஜேபஸ். “எறியறான்.”

சத்தம் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலில் ஓக்கர்டன்காரர்களே சிரித்தார்கள். கறுப்புக் கோட்டுக்காரன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். ரூபன் ஓடிப்போய், என்னப்பா, யாரு பந்து போடுறதுன்னு பாத்தியா, நம்ம ஆமோஸப்பா என்று காதோடு சொன்னான். ஜேபஸின் முகம் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. ஆமோஸ் திரும்பி ஒருதரம் மைத்துனனைப் பார்த்தான். அடுத்த பந்தை இன்னும் மெதுவாகப் போட்டான். ஜேபஸ் மறுபடியும் நோபால் என்றான். அதற்கடுத்ததற்கும் அதே.

துரை எழுந்து வந்தார். அவர் கேட்டது ஜேபஸை அல்ல, ஓக்கர்டன் அம்பயரை. நரைத்த ஆள், ஆமோஸை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறவர். இந்த ஆள் எறிவதை நீ எப்போதாவது கண்டிருக்கிறாயா என்று துரை கேட்டார். வேலியோரம் நின்ற கெசியாவுக்கு அந்தக் கிழவர் சொன்ன பதில் நன்றாகவே கேட்டது.

“நான் கண்டதில்ல துரை. நான் சொல்லியிருந்தாலும் நீங்க நம்பியிருக்கமாட்டீங்க, எங்க ஊருக்காகச் சொல்றேன்னு தள்ளியிருப்பீங்க. ஆனா அவங்க ஊர் அம்பயரே சொல்றான். அதுவும் கூடப் பொறந்தவளோட புருஷனை. அப்புறம் பேச என்ன இருக்கு?”

துரை தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. எதிரூர்க்காரன் நூறு தரம் கத்தியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சொந்த அம்பயர் வாயிலிருந்து வந்ததை யார் மாற்றுவது? ஆமோஸ் பந்தை ரூபன் கையில் கொடுத்துவிட்டு எல்லைக்கோட்டுக்குப் போய் நின்றான். ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றான். ஸ்கெல்பி தோற்றது. துரை கிளம்பும்போது ஜேபஸிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். ஆமோஸ் நின்ற பக்கம் அவர் வரவில்லை.

அன்று மாலை ஆமோஸ் தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டான். குளிர்ந்த பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, எதையும் விடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பேசினான்.

“எறியறதுன்னா என்ன கெசியா? கைய மடக்கி, பொறவு நிமித்தறது. என் கைதான் நிமிராதே. நிமிராத கையால எப்படி எறியறது?”

“அதை அங்க சொல்லியிருக்கலாம்ல நீ? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“யாருகிட்ட சொல்ல? உன் தம்பிகிட்டயா?”

கெசியாவுக்குப் பற்றி எரிந்தது. தம்பியின்மேலா, புருஷன்மேலா, தன்மேலா என்று அவளுக்கே புரியவில்லை. கூப்பிட்டு நிறுத்தினவள் அவள்தானே? ஆமோஸ் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சேதி அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் பரவிவிட்டது. அடுத்த திங்கள் ரூபன் தயங்கித் தயங்கி வந்து, கொஞ்ச நாளைக்கு நீ பந்து போடாமல் வெறுமனே நில்லேன், மற்ற ஊர்க்காரர்கள் ஆடவரமாட்டேன் என்கிறார்கள் என்றான். ஆமோஸ் சரி என்றான். அதற்கடுத்த திங்கள் அவன் போகவே இல்லை. ஊர் முழுக்கப் புல்வெளியில் இருக்க, ஒரே ஒரு வீட்டு மாடியில் தறி ஓடியது. திங்கட்கிழமை தறிச் சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

புல் அறுப்பு முடிகிற சமயத்தில் ஜேபஸ் வந்தான். ஆமோஸ் கிடங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தான். கெசியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உட்கார் என்று அவள் சொல்லவில்லை, அவனும் உட்காரவில்லை. லெவர்டன் துரை கூப்பிட்டனுப்பினார் என்று ஆரம்பித்தான். ரெட்கேட்டில் பந்து போட டவுனிலிருந்து ஓர் இளவட்டத்தைப் பிடித்திருக்கிறார்களாம். புல்லைப் பார்த்துக்கொள்ள, அங்கே நடக்கிற ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். சொந்த மச்சான் என்றும் பாராமல் நியாயம் சொன்னவனைவிட நம்பிக்கையான ஆள் எங்கே கிடைப்பான் என்று துரை சொன்னாராம். வாசல் வீட்டின் சாவி இப்போது ஜேபஸின் பையில் இருந்தது.

கெசியாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. பம்பு, நெல்லிக்காய்ப் புதர், திர்ஸாவுக்கென்று அவள் ஒதுக்கிவைத்த மூலை, எல்லாம் அவன் பைக்குள்.

“திர்ஸாவ எங்கூட அனுப்பு அக்கா,” என்றான் ஜேபஸ். “எனக்கு வீடு பாத்துக்க ஆள் வேணும். ஊசியத் தொட வேண்டாம். சோறு பொங்கி வெச்சாப் போதும். அவ கண்ணு பொழைச்சுக்கும்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் அவளை இன்னும் நோகடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்குறேன், சொல்லு. அன்னைக்கு நீ பாத்தியா?”

“எதை?”

“கைய. அவரு எறிஞ்சதை. உன் கண்ணுல பட்டுச்சா?”

ஜேபஸ் அடுப்பைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பொய் சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்தவன், பாவம், மாட்டிக்கொண்டான்.

“பின்னால நின்னா முதுகுதான் தெரியும் அக்கா. ஆனா எனக்குத் தெரியும்ல? சின்ன வயசிலிருந்து அந்தக் கைய நான் பாக்குறேன். அதுல தொங்கி ஊஞ்சலாடியிருக்கேன். கோணக் கைன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு நின்னா அது சொந்தக்காரனுக்காகச் சொல்ற பொய்யாகாதா? உள்ளுக்குள்ள ஒரே இடி. ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணேன். சொல்லுன்னு உத்தரவு வந்துச்சு.”

“கண்ணால காணாததைக் கண்டேன்னு சொல்லச் சொல்லியா உத்தரவு வந்துச்சு?”

அவன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

“போய்ச் சொல்லு,” என்றாள் கெசியா. “துரைகிட்டப் போயி, நான் பாக்கலன்னு சொல்லு.”

“சொன்னா வீடு போயிரும் அக்கா. எனக்கு மட்டுமா போகும்? திர்ஸாவுக்கும்தான்.”

அது நிஜம். ஜேபஸ் உண்மையைச் சொன்னால் துரை அவனை விரட்டுவார். எறிகிறவன் என்று பேர் எடுத்தவனைக் கூப்பிட்டு அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். யாருக்கும் இல்லாமல் போகும். கெசியா திரும்பிப் போய் மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஆமோஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பைப்பைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு கேட்டான். பார்க்காமலே சொன்னானா என்று மட்டும் ஒருதரம் திருப்பிக் கேட்டான். பிறகு மாடிப்படியில் ஏறப் போனவன் நின்றான்.

“புள்ளைய அனுப்பு. எனக்கு ரோஷம் இருக்கு, இல்லேங்கல. ஆனா அவ கண்ணு போச்சுன்னா என் ரோஷத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

அனுப்புவதென்று முடிவாயிற்று. திங்கட்கிழமை போகவேண்டும். திர்ஸாவின் துணிகளைத் துவைத்து, கிழிந்ததைத் தைத்து, மரப்பெட்டியில் அடுக்கி ஆமோஸே கயிறு கட்டினான். திர்ஸாவுக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சந்தோஷம். மாமா வீட்டில் மெழுகுவத்தி ஏற்றினால் எதற்காக ஏற்றுவார்கள் என்று கேட்டாள். சும்மா வெளிச்சத்துக்குத்தான் என்று கெசியா சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். தைக்காமல் மெழுகுவத்தி எரிவதை அவள் கண்டதில்லை.

அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் ஜெபக்கூடத்தில் அன்பின் விருந்து. விருந்து என்றால் சீரக ரொட்டித் துண்டும் தண்ணீரும்தான். இரண்டு கைப்பிடி வைத்த கோப்பை ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போகும். போகப்போக ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்லலாம். ஆண் பெண் பேதமில்லை, யார் வேண்டுமானாலும் பேசலாம். சில கிழங்கள் எழுந்தால் மாட்டுக்கு வந்த சீக்குவரை பேசி ஆளைக் கொல்லும். அப்போது பிரசங்கியார் சைமன் பெக் ஒரு பாட்டை எடுத்துவிடுவார். ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து பாட, பேசுகிறவர் தானாக உட்கார்ந்துவிடுவார். அதில் யாருக்கும் வருத்தம் வந்ததில்லை.

கெசியா பேசாமல் இருந்துவிட்டு வருவதென்றுதான் போனாள். திர்ஸாவைக் கண் வலிக்கிறது என்று வீட்டில் விட்டிருந்தாள். கூடத்தில் நல்ல கூட்டம், புழுக்கம். ரெட்கேட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பிரசங்கியார், நம் சகோதரர் ஜேபஸை ஆண்டவர் எப்படிச் சோதித்து எப்படி உயர்த்தினார் என்பதை அவர் வாயாலேயே கேட்போம் என்றார். ஜேபஸ் எழுந்தான். முதலில் கெசியா இருந்த பக்கம் பார்த்தான். குரல் நடுங்கியது. குடித்துக் கெட்டதைச் சொன்னான், மனந்திரும்பியதைச் சொன்னான். ஜனங்கள் ஆமென், ஆமென் என்று ஊக்கம் கொடுக்கக் கொடுக்க அவன் குரல் தேறியது. பெந்தெகொஸ்தே திங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது அவன் நடுக்கமே போய்விட்டது.

“ரத்த பாசமா, சத்தியமான்னு கேள்வி வந்துச்சு. என் அக்கா புருஷன். என்னைத் தூக்கி வளர்த்த அக்கா அங்கேயே உட்கார்ந்திருக்கா. ஆனா நான் என் ரெண்டு கண்ணால கண்டதை எப்படி மறைப்பேன்? கண்டேன், சொன்னேன்.”

அல்லேலூயா என்று கூடம் அதிர்ந்தது. பக்கத்திலிருந்த ஹெப்சிபா கெசியாவின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள், உன் தம்பியைப் பற்றிப் பெருமைப்படு என்கிற மாதிரி. கோப்பை கெசியா கைக்கு வந்தது. இரண்டு கைப்பிடியையும் பிடித்தாள். குடித்துவிட்டு அடுத்தவளுக்குக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் கொடுக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டியும் தெரியும், கயிறும் தெரியும், காலையில் பிரித்துவிட்ட இமைகளும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். உடம்பு தானாக எழுந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

“அவன் பாக்கல,” என்றாள்.

கூடம் திரும்பிப் பார்த்தது.

“நான் கேட்டேன். என் வீட்டுல, என் அடுப்பு முன்னால கேட்டேன். முதுகுதான் தெரிஞ்சுதுன்னு சொன்னான். எம் புருஷன் கை நிமிராது. நிமிராத கையால எறிய முடியாது. இவன் பாக்கவே இல்ல, பாத்தேன்னு இங்க நின்னு சொல்றான். கேளுங்க அவனை, பாத்தியான்னு...”

பிரசங்கியார் பாட்டை எடுத்துவிட்டார். எல்லோருக்கும் மனப்பாடமான, கல்யாணம் சாவு இரண்டுக்கும் பாடுகிற பாட்டு. முன்வரிசை பிடித்தது, பின்வரிசை பிடித்தது. கெசியா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை அவள் காதுக்கே கேட்கவில்லை. நல்ல குரல்வளம் உள்ள ஜனங்கள், தறிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகினவர்கள். ஹெப்சிபா பாடிக்கொண்டே அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இன்னொருத்தி கோப்பையைப் பக்குவமாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஜேபஸ் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும்விட உரக்கப் பாடினான். கண்ணோரம் ஈரமாக இருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்ததை எடுத்தார்கள்.

கெசியா வெளியே வந்துவிட்டாள். தொப்பியை எடுத்துக்கொண்டு ஜேபஸ் பின்னாலேயே வந்தான்.

“திர்ஸாவ நாளைக்கு அனுப்ப வேண்டாம் அக்கா,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. “ரெட்கேட் ஆளுங்க உள்ள இருக்காங்க. இதுக்கப்புறம் அவளக் கூட்டிட்டுப் போனா, நீ சொன்னதை நான் ஒத்துக்கிட்டு உன் வாய அடைக்கிறதா ஆயிரும்.”

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். வழியெல்லாம் உள்ளிருந்து பாட்டுச் சத்தம் கூடவே வந்தது. ஏன் எழுந்தாய், ஏன் எழுந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டில் ஆமோஸ் வாசற்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். உள்ளே கதவோரம் பெட்டி இருந்தது. திர்ஸா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்குப் பாட்டு பலம் போல,” என்றான் ஆமோஸ். “இங்க வரைக்கும் கேட்டுச்சு. என்ன விசேஷம்?”

“நான் பேசினேன். அதான்.”

ஆமோஸ் கத்தியைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.  எழுந்து உள்ளே போய், திர்ஸாவை நகரச் சொல்லிவிட்டு, குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகியிருந்தது. திர்ஸா அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையில் ஊசி தொடுவது பாவம் என்று அவளுக்கு அம்மாதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். வெளிச்சம் போவதற்குள் ஒரு ஜோடி மூட்டிவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது, கெசியா வேண்டாம் என்று சொல்லவில்லை.